வத்தகப்பழ லோடும் எங்கட கணக்குக் கொப்பியும்

போன கிழமை சித்திட மகன் கட்டார்ல இருந்து கோல் எடுத்தான். அக்கா நான் வாற வருசம் முடிச்சிட்டு வந்துடுவன், கையில கொஞ்சம் காசு இருக்கு, மிச்சத்துக்கு லீசிங் போட்டு ஒரு கென்டர் லொறி எடுத்து அத்தான் மாதிரி பழம், மரக்கறி ஏத்தலாமெண்டு யோசிக்கிறன், லாபம் இருக்கா எண்டு கேட்டான். ஓம் எண்டு சொல்லவும் வாய் வரல்ல, இல்ல எண்டு சொல்லவும் மனம் வரல்ல. அரை மணித்தியாலம் கதைச்சும் சொல்லி முடியல்ல, அதான் இதை எழுதுறன். அவன மாதிரி யோசிக்கிற பொடியனுகள் எங்கட மட்டக்களப்புப் பக்கம் நிறையப் பேர் இருக்காங்க, அவங்களும் வாசிக்கட்டும்.

லொறி ஓட்டுறது எங்கட வீட்டுக்காரர். கணக்கு எழுதுறது நான். தோட்டத்துக்குப் போய் பழம் பாத்து விலை பேசுறதுலயும் பாதி நான்தான். லொறிய 2021 இல எடுத்தம், அப்ப வாகன இறக்குமதி நிப்பாட்டி ஒரு வருசம் தாண்டினதால பழைய லொறியே புது லொறிட விலைக்குப் போய்ட்டு, அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டி வந்தது, அதுட லீசிங்தான் இண்டைக்கும் எங்கட கழுத்தில இருக்கு. லொறி எடுத்த அண்டைக்கே நான் ஒரு சிஆர் கொப்பி வாங்கி முதல் பக்கத்தில ரெண்டு கோடு போட்டன். இந்தப் பக்கம் தோட்டத்துத் தராசில என்ன கிலோ, அந்தப் பக்கம் இறக்கின இடத்துத் தராசில என்ன கிலோ. அந்த ரெண்டுக்கும் நடுவில என்ன நடக்குது எண்டு விளங்கினாத்தான் இந்தத் தொழில் விளங்கும்.

எங்களுக்கு முக்கியமான சீசன் வத்தகப்பழம்தான், இந்தியாவில தர்ப்பூசணி எண்டு சொல்றது. மாரி மழை முடிஞ்சு நிலம் காஞ்ச பிறகு போட்டாங்கெண்டா 75 நாள், 80 நாள்ல பழம் வந்துடும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல வாற பழத்துக்கு இருக்கிற இனிப்பு வேற எந்தக் காலத்திலயும் வராது. செங்கலடியில இருந்து பதுளைக்குப் போற ரோட்டில கரடியனாத்துப் பக்கம், அங்கால வாகரைப் பக்கம், அம்பாறை மாவட்டத்தில திருக்கோவில், பொத்துவில் பக்கம் எல்லாம் மணல் கலந்த நிலம் இருக்கிற இடங்கள்ல போய் எடுப்பம்.

பழம் பாக்க எனக்குப் பழக்கினது மாமா, இவரிட அப்பா. அவர் சண்டைக் காலத்தில ஒரு பழைய லொறியில இதே தொழில் செஞ்சவர். புணானை, வெலிக்கந்தைப் பக்கம் சோதனைச் சாவடியில முழு லோடையும் இறக்கி, பாத்து முடிய திரும்ப ஏத்துவாங்களாம், ஏத்தி இறக்கினதிலயே நூறு பழத்துக்குப் பத்துப் பழம் வெடிச்சிரும் எண்டு சொல்லுவார். மன்னம்பிட்டியில ரெயிலும் லொறியும் ஒரே பாலத்தால போன காலம், கோச்சி வாற நேரமெண்டா வெயிலுக்குள்ள நிக்கணும், புதுப் பாலம் 2007 இலதான் திறந்தாங்க. அவர் முதல் நாள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் சொன்னது: "மகள், தட்டிப் பாக்கிறதக் கடைசியா வெச்சுக்க. முதல்ல கண்ணால பாரு."

பழத்துக் காம்புக்குப் பக்கத்தில கொடியில ஒரு சுருள் இருக்கும், நூல் மாதிரி. அது பச்சையா இருந்தா தொடக் கூடாது, பாதி காஞ்சா இன்னும் ரெண்டு மூணு நாள், முழுசாக் காஞ்சு கறுப்பா நிண்டாத்தான் பழம். மறுகா பழத்தை மெல்லமாத் திருப்பி மண்ணில கிடந்த பக்கத்தைப் பாக்கணும், வெள்ளையா இருந்தா காய், பட்டர் மாதிரி மஞ்சள் ஓடியிருந்தா சரி. அதுக்குப் பிறகு தட்டு, டங் டங் எண்டு கேட்டா பிஞ்சு, நெஞ்சில தட்டின மாதிரி அடங்கின சத்தம் வந்தா வெட்டலாம். வத்தகப்பழம் வெட்டின பிறகு பழுக்காது, மாங்காய் மாதிரி வைக்கலுக்குள்ள வெச்சுப் பழுக்க வைக்க ஏலாது, கொடியில எவ்வளவு இனிப்பு வந்துதோ அவ்வளவுதான். அதனால காயா வெட்டின ஒரு பழம் லொறியில ஏறினா அது வாங்கின ஆளிட வாயில கெட்ட பேராத்தான் போய் முடியும்.

வெள்ளாப்பில வெட்டவும் கூடாது. இது கன பேருக்குத் தெரியாது, எங்களுக்கும் ஒரு லோட் போன பிறகுதான் தெரிஞ்சது. விடியப்பொறம் பழம் தண்ணியக் குடிச்சு விறைச்சு நிக்கும், கத்தி பட்டாலே வெடிக்கும், சில பழம் பக்கத்தில பழத்தை வெச்ச அதிர்ச்சிக்கே பிளக்கும். வெயில் ஏறி ஒம்பது, பத்து மணி ஆன பிறகு வெட்டினா அந்த விறைப்பு அடங்கியிருக்கும். வெட்டக்குள்ள நாலு விரல் காம்பு விட்டு வெட்டணும், கையால முறுக்கிப் பிடுங்கினா காம்படி வழியா அழுகல் இறங்கும்.

இப்ப ஒரு லோட் கணக்கை அப்பிடியே கொப்பியப் பாத்து எழுதுறன். 2025 ஓகஸ்ட், கரடியனாத்துப் பக்கம் ஒரு அண்ணன்ட தோட்டம், ரெண்டாம் பறி.

தோட்டத்தில நிறுத்தது 3,200 கிலோ, கிலோ 70 ரூவா, அப்ப 224,000. வெட்டி ஏத்தின நாலு பேருக்குக் கூலி 10,000. அடியில போட வைக்கல் 1,500. தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய் வர 320 கிலோமீற்றர் வரும், எங்கட லொறி லோடோட லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றருக்குள்ளதான் ஓடும், டீசல் அந்த மாசம் லீற்றர் கிட்டத்தட்ட 290, அது 12,200. சாப்பாடு தேத்தண்ணி 2,500. அங்க இறக்கின நாட்டாமிமாருக்கு 3,000. எல்லாம் கூட்டினா 253,200. தம்புள்ளையில நிறுக்கக்குள்ள 3,110 கிலோதான் இருந்தது, 90 கிலோ வழியில வெடிச்சதும் காஞ்சதும். கொமிஷன் எல்லாம் கழிச்சு இவரிட கையில தந்தது 280,000.

அப்ப மிச்சம் 26,800. ஒரு ராவும் ஒரு பகலும் ஓடி 26,800 எண்டா நல்ல காசுதானே எண்டுதான் எவரும் நினைப்பாங்க. நாங்களும் முதல் வருசம் அப்பிடித்தான் நினைச்சம். ஆனா லொறியில வாற தம்பிக்கு ரெண்டு நாள் சம்பளம் 7,000 குடுக்கணும். டயர், சேர்விஸ், பிரேக் லைனர் எண்டு ஒரு ட்ரிப்புக்கு 6,000 ஒதுக்காட்டி ஒரு நாளைக்கு நாலு டயரும் ஒண்டாத் தேஞ்சு நிக்கும், அண்டைக்கு நகையத்தான் கொண்டு போகணும். லீசிங் மாசம் 78,000, மாசத்துக்கு அஞ்சு ட்ரிப் எண்டு பாத்தா ஒண்டுக்கு 15,600. மூண்டையும் கூட்டினா 28,600. 26,800 இல இருந்து 28,600 கழிச்சுப் பாருங்க. கைக்காசு 1,800 போகுது. மூணு டன் வத்தகப்பழத்தை நல்ல விலைக்கு வித்தும் எங்களுக்கு நட்டம்.

அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது திரும்பி வந்த லோட். தம்புள்ளையில இருந்து வெறும் லொறியாக் கிறுகி வராம கரட், போஞ்சி, லீக்ஸ், தக்காளி, பெரிய வெங்காயம் எண்டு 1,400 கிலோ ஏத்தி வந்து வாழைச்சேனையில இருந்து களுவாஞ்சிக்குடி மட்டும் பதினொரு கடைக்கு அண்டு பின்னேரத்துக்குள்ள போட்டுட்டம். அதில நிண்டது 19,500. ரெண்டையும் சேத்துத்தான் அந்த ட்ரிப்பில எங்களுக்கு 17,700 மிஞ்சினது. தம்பி, இந்த ஒரு கணக்க மட்டும் நல்லா மனசில வெச்சுக்க. போற லோட் லொறியக் காப்பாத்தும், வாற லோட்தான் வீட்டக் காப்பாத்தும். அந்தப் பதினொரு கடையையும் பிடிக்க எங்களுக்கு ஒண்டரை வருசம் போனது, மழையெண்டாலும் வெயிலெண்டாலும் சொன்ன நாளுக்குப் போய் நிண்டபடியாத்தான் அவங்க எங்களுக்கெண்டு இடம் விட்டு வெச்சாங்க, லொறிய விட அந்தக் கடைகள்தான் எங்கட முதல் எண்டு நான் சொல்லுவன்.

ஏத்துற முறையையும் கொஞ்சம் சொல்லணும், ஏனெண்டா அந்த 90 கிலோ முதல் வருசத்தில 300 கிலோவா இருந்தது. இலங்கையில பழம் மரக்கறியில நூத்துக்கு 30, 40 வீதம் தோட்டத்துக்கும் சாப்பிடுற ஆளுக்கும் இடையில அழியுது எண்டு சொல்றாங்க, எங்கட கொப்பியப் பாத்தா அதை நம்பக் கஷ்டமில்ல. லொறித் தட்டில ஒரு சாண் உயரத்துக்கு வைக்கல், பக்கப் பலகைக்கும் வைக்கல். பெரிய பழம் அடியில, சின்னது மேல, நிமித்தி வெக்காம படுக்க வெக்கணும், நாலு அடுக்குக்கு மேல போகக் கூடாது. ஏத்துற பொடியனுகள் ஒருத்தருக்கொருத்தர் எறிஞ்சு பிடிப்பாங்க, பாக்க வடிவா இருக்கும், வேலையும் கெதியா முடியும், ஆனா உள்ளுக்க சதை அண்டைக்கே கண்டிடும், வெளியில ஒண்டும் தெரியாது, ரெண்டு நாள்ல உள்ளுக்க தண்ணியாப் போயிரும். அதனால நான் நிக்கிற தோட்டத்தில எறிய விடுறல்ல, கை மாத்தித்தான் குடுக்கணும். தறப்பாள் மேலால மட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் காத்துப் போக விடணும். பழுத்த வாழைக்குலை, மாம்பழம் இதுகளோட ஒண்டா ஏத்தவே கூடாது, அதுகள் பழுக்கக்குள்ள வாற வாயு வத்தகப்பழத்தை மாவாக்கிரும்.

பின்னேரம் ஏத்தி முடிச்சு பொழுதுபட வெளிக்கிட்டா வெயில் படாமப் போகலாம். ஆனா ராவெண்டா யானை. புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில, மறுகா மின்னேரியா ஹபரணைப் பக்கம் ரோட்டிலயே நிக்கும். இவர் அந்த இடங்கள்ல முப்பதுக்கு மேல ஓடமாட்டார், சுணங்கினாலும் பரவால்ல. நான் வீட்டில ஹபரணை தாண்டிட்டன் எண்டு மெசேஜ் வந்த பிறகுதான் படுப்பன், இது நாலு வருசமாப் பழகியும் எனக்கு மாறல்ல.

விலையப் பத்தி. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் 1999 இல திறந்தது, நாட்டில பாதி மரக்கறிக்கு விலை அங்கதான் முடிவாகுது எண்ட மாதிரித்தான் ஆக்கள் கதைப்பாங்க. ராவைக்கு ஃபோன் அடிச்சு இண்டைக்கு வத்தகப்பழம் என்ன விலை எண்டு கேட்டு, 120 எண்டு சொன்ன சந்தோசத்தில லோட் போட்டா, அதே ஃபோனை அனுராதபுரம், ஹம்பாந்தோட்டை, புத்தளத்துக்காரனும் எடுத்திருப்பான், நாங்க போய்ச் சேரக்குள்ள நாப்பது லொறி வரிசையில நிக்கும், விலை 75. அதனால இப்ப நாங்க விலை கேக்கிறதோட எத்தின லொறி வந்து நிக்குது, நேத்து இறக்கினது வித்து முடிஞ்சுதா எண்டும் கேக்கிறம். பழசு குவிஞ்சு கிடக்கெண்டா போறல்ல.

மூணு கிலோவுக்குக் குறைஞ்ச பழத்தை தம்புள்ளைக்குக் கொண்டு போறதையும் விட்டுட்டம். அங்க அதைத் தனியாப் பிரிச்சு அரை விலை போடுவாங்க. அதை எங்கட பக்கத்திலயே ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பக்கம் ரோட்டோரம் விக்கிற ஆக்களுக்குக் குடுத்தா சின்னக் குடும்பங்கள் அந்த அளவுப் பழத்தைத்தான் தேடி வாங்குதுகள். காத்தான்குடியில ஒரு காக்கா நோம்பு காலத்துக்கு மூணு மாசம் முந்தியே என்னட்டச் சொல்லி வெச்சிருவார், நோம்பு துறக்கிற நேரம் வத்தகப்பழம் இல்லாம அங்க ஒரு வீடும் இருக்காது. ஆனா நோம்பு ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருது. 2023 இல மார்ச் கடைசியில தொடங்கினது, 2025 இல மார்ச் தொடக்கத்துக்கு வந்துட்டு, இனி பெப்ரவரி, ஜனவரி எண்டு மாரி மழைக்குள்ள போகப் போகுது. அந்த நேரம் எங்கட நிலத்தில பழம் இருக்காது, தண்ணி கட்டிச் செய்யிற வேற மாவட்டத்தில இருந்துதான் கொண்டு வரணும், அப்ப லொறி திரும்பின பக்கம் ஓடும். இதையெல்லாம் இப்பவே யோசிச்சு வெக்கணும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், அதைச் சுத்தின பத்து நாளும் அமிர்தகழியில எவ்வளவு பழம் இருந்தாலும் போகும், அதுவும் எங்கட கொப்பியில சிவப்புப் பேனையால குறிச்சிருக்கு.

நட்டப்பட்ட கதையையும் மறைக்காமச் சொல்லுறன். 2022. வருசம் தொடங்கக்குள்ள டீசல் 121 ரூவா, ஜூன் கடைசியில 460. விலை ஏறினதக் கூடத் தாங்கலாம், டீசலே இல்ல. இவர் மூணு ராத்திரி லைன்ல லொறிக்குள்ள படுத்தார், நான் சோத்துப் பார்சல் கொண்டு போய்க் குடுத்தன். அந்த மூணு நாளும் நாங்க அட்வான்ஸ் குடுத்த தோட்டத்தில பழம் கொடியிலயே முத்திப் போய் வெடிச்சிட்டு. டீசல் கிடைச்சுப் போன நேரம் அந்த அண்ணனும் அக்காவும் பழத்தைப் பிளந்து மாட்டுக்குப் போட்டுட்டு இருந்தாங்க, பசளை இல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்ச தோட்டம் அது. நாங்க அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கல்ல. அவங்களும் அடுத்த வருசம் எங்களுக்குத்தான் முதல் பறி தந்தாங்க, வேற லொறிக்காரர் கிலோவுக்கு அஞ்சு ரூவா கூடக் கேட்டும் குடுக்கல்ல.

இன்னொரு தரம் வெட்டுறதுக்கு ரெண்டு நாள் முந்தி நல்ல மழை. தோட்டக்கார அண்ணன் வேண்டாம் தங்கச்சி ஒரு கிழமை பொறுங்க எண்டு சொன்னார். நாங்கதான் விலை நல்லா இருக்கெண்டு அவசரப்பட்டம். பழம் தண்ணிய இழுத்து ஊதி நிண்டது, இனிப்புச் செத்துப் போச்சு, பொலன்னறுவை போக முதல்ல லொறிக்குள்ள படார் படார் எண்டு வெடிக்கிற சத்தம் கேட்டது எண்டு இவர் சொன்னார். 41,000 நட்டம். தோட்டக்காரன் பொறுக்கச் சொன்னா பொறுக்கிறது எண்டு அண்டைக்கு எழுதி வெச்சன்.

எனக்கு உண்மையாவே கோபம் வாற விசயம் தராசு. ஒரு இடத்தில எங்கட பழத்துக்கு நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோ கழிச்சாங்க, ஏன் எண்டு கேட்டா வழக்கம் எண்டாங்க. லொறிய நிப்பாட்டி வெச்சுக் கொண்டு சண்டை பிடிக்க ஏலாது, பழம் சூடேறும், அது அவங்களுக்கும் தெரியும். இவர் ஒண்டும் கதைக்காம இறக்கிட்டு வந்துட்டார், அந்தக் கடைக்கு மறுகா போறல்ல. ஆனா அங்க கழிச்ச அஞ்சு கிலோவை எடுத்துக் கொண்டு வந்து தோட்டக்காரன்ட தலையில வெக்கிற லொறிக்காரர் எங்கட பக்கம் இருக்காங்க, தராசில கல் வெக்கிற ஆளும் இருக்கு. வெயிலுக்குள்ள எண்பது நாள் குனிஞ்சு நிண்ட மனுசனிட்டக் களவெடுத்து லொறி ஓட்டணுமெண்டா அந்த லொறிய வித்துப் போடலாம். நாங்க எங்கட டிஜிட்டல் தராசைக் கொண்டு போய் அவங்கட முன்னுக்கு வெச்சு, எழுதிறதையும் தோட்டக்காரர்ட மகளிட்டக் குடுத்து எழுத விடுவம். அந்தப் புள்ள கூட்டின கணக்கும் எங்கட கணக்கும் ஒத்து வந்தாத்தான் காசு எண்ணுறது.

மத்த சாமான் எல்லாம் வத்தகப்பழத்துக்கு இடையில இடையில செய்யிறதுதான். ரம்புட்டான் ஜூன், ஜூலையில மல்வானைப் பக்கத்தில இருந்து கொண்டு வந்தா நல்லாப் போகும், ஆனா மூணு நாள்ல மயிர் கறுத்துரும், கறுத்த பிறகு உள்ளுக்க நல்லா இருந்தாலும் ஆரும் வாங்கமாட்டாங்க. பூசணிக்காய் பயமில்லாத சாமான், ஒரு மாசம் கிடந்தாலும் ஒண்டும் ஆகாது, விலை இல்லாட்டி வாடியில போட்டு வெக்கலாம். தேசிக்காய் விலை ஏறி இறங்குறதப் பாத்தா தலை சுத்தும், அதில நாங்க கை வெக்கிறல்ல.

தம்பி, லொறி எடுக்க வேண்டாமெண்டு நான் சொல்லல்ல. நீ வந்து இறங்கின உடன லீசிங் ஒப்பீசுக்குப் போகாம முதல்ல எங்கட வீட்டுக்கு வா. ஒரு சீசன் எங்களோட ஓடு, அத்தானுக்கும் ராவையில பக்கத்தில ஒரு ஆள் தேவை, சம்பளம் கணக்கில போட்டுத் தருவன். தோட்டத்தில நிண்டு சுருள் காஞ்சிருக்கா எண்டு பாரு, கை மாத்தி ஏத்து, தம்புள்ளையில வரிசையில நில்லு, திரும்பி வரக்குள்ள பதினொரு கடையிலயும் இறங்கி அந்த மனிசரோட கதை. உனக்கெண்டு தனியா ஒரு கொப்பி வாங்கி வெச்சிருக்கன், நடுவில கோடும் போட்டாச்சு.